நோய்நொடி ஒன்றும் இல்லை

நாகரத்தினம் முறத்தில் ராஜ்மாவைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிவந்த, கொழுத்த விதைகள். சொத்தை தட்டுப்பட்டால் தள்ளிவிட்டாள். லேசாகச் சுருங்கியிருந்தாலும் தள்ளிவிட்டாள். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அவளிடம் அவ்வளவு குற்றம் கண்டுபிடித்ததில்லை.

குளித்துவிட்டு வந்த மாணிக்கம், துண்டு நுனியால் காதைக் குடைந்தபடி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் ஹெட் கிளார்க். சாப்பாட்டு விஷயத்தில் என்ன நடந்தாலும் நம்பிக்கை இழக்காத மனிதர்.

"ராஜ்மாவா? ராத்திரி சப்பாத்திக்கா?"

"உங்களுக்கு இல்லைங்க."

"பின்னே யாருக்கு?"

"செல்லுக்கு."

மாணிக்கம் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சட்டை போடப் போனார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவருக்குப் போட்டியென்று வந்தது அந்தச் செல் ஒன்றுதான். அதற்கு எப்போதும் முப்பத்தேழு டிகிரிக் கதகதப்பு. லோட்ஷெடிங் என்று கரண்டு போனால் இவள் ஓடிப்போய் வெந்நீர்ப் புட்டிகளை அடுக்குவாள். அவருக்கு ஜுரம் வந்தால் ஒரு மாத்திரையும் "போர்த்திக்கிட்டுப் படுங்க"வும் கிடைக்கும்.

விஷயம் இதுதான். நாகரத்தினம் தெற்குக் கல்கத்தாவில் ஒரு பழைய மாடிவீட்டில் இருந்த வைரஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். மனிதரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து ஒரு கண்ணாடிக் குடுவையில் விட்டால், அவை சும்மா உட்கார்ந்திருக்கும், சர்க்கார் ஆபீசில் மதியத்துக்குமேல் உட்கார்ந்திருப்பவர்களைப் போல. ராஜ்மாச் சாற்றில் இரண்டு சொட்டு விட்டால் விழித்துக்கொண்டு இரண்டு இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும். அப்படிப் பிரியும் நேரத்தில்தான் அவற்றின் உள்ளே இருக்கும் குரோமோசோம்கள் திரண்டு கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டில் அந்தச் சாறு பொடியாகப் புட்டியில் கிடைக்கும். இங்கே அந்தப் புட்டிக்கு எழுதிப் போட்டு இரண்டு வருஷம் ஆயிற்று, வந்தபாடில்லை. கிடர்பூர் பஜாரில் ராஜ்மா தினமும் வருகிறது.

திருச்சியில் விலங்கியல் படித்தவள். பொன்மலைக்காரரான மாணிக்கத்துக்குக் கழுத்தை நீட்டி அறுபத்திரண்டில் கல்கத்தா வந்தாள். எட்டு வருஷம் வீட்டில் இருந்து, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், 'ஸ்லைடு கழுவ ஆள் தேவை' என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். கழுவப் போனவள் ஆறு மாதத்தில் சாயம் ஏற்றினாள். ஒரு வருஷத்தில் எண்ண ஆரம்பித்தாள். பதினோரு வருஷமாக எண்ணுகிறாள். வேலை மட்டும் இன்னும் தற்காலிகம்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் டாக்டர் லாஹிரி கோப்பில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த மார்ச் வரை ஓடும்.

அவள் பெயரை வங்காளிகள் ரத்னா என்று சுருக்கினார்கள். அக்கம்பக்கத்துச் சின்னப் பெண்களுக்கு ரத்னா-தி. ஆராய்ச்சிக்கூடத்துக்காக அவள் தெருவில் யாரைப் பார்த்தாலும் முழங்கை நரம்பை நோட்டம் விடுவதைக் கவனித்த ஒருத்தி, ரத்னா-தியை ரொக்தோ-தி ஆக்கினாள். ரொக்தோ என்றால் ரத்தம். ரத்தக்கா. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட ஒருமுறை அப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

மாணிக்கத்துக்கு அவள் வேலையை ஒரு தடவை விளக்கியிருக்கிறாள்.

"குரோமோசோம்னா உள்ளே டி.என்.ஏ. இருக்குங்க. தேங்காய் நார்க் கயிறு மாதிரி முறுக்கி முறுக்கிச் சுருட்டி வச்சிருக்கும். ஒரு செல்லுக்கு நாப்பத்தாறு சுருட்டு. வைரஸ் உள்ளே பூந்தா சில சுருட்டு துண்டு துண்டா உடையுது. நான் அந்த உடைசலை எண்றேன்."

"எதுக்கு உடைக்குது?"

"அதைத்தான் டாக்டர் தேடறார். வைரஸ் வரும்போது கையில ஒண்ணும் பெரிசாக் கொண்டுவராது. ஒரு சட்டை, உள்ள மடிச்சு வச்ச ஒரு சீட்டு, சமையல் குறிப்பு மாதிரி. அவ்வளவுதான். உள்ள வந்ததும் நம்ம அடுப்பு, நம்ம பாத்திரம், நம்ம அரிசி பருப்பு. அது குறிப்புப்படி அதுக்கு வேண்டிய புரோட்டீனெல்லாம் நம்ம சமையக்கட்டிலேயே சமைச்சுக்கும். அப்படிச் சமைச்சதுல ஏதோ ஒண்ணு நம்ம கயித்தை அறுக்குது. இல்லேன்னா அறுந்ததை ஒட்டவிடாமப் பண்ணுது. போறப்ப பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைச்சுட்டுப் போகும்."

மாணிக்கம் யோசித்தார். "நீ வைரஸைச் சொல்றியா, எங்க அக்காவைச் சொல்றியா?"

"நான் வைரஸைத்தான் சொன்னேன். உங்களுக்கு அக்கா ஞாபகம் வந்தா அதுக்கு நான் என்ன பண்றது?"

அக்கா என்பது நீலாவதி, நாகரத்தினம் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். புருஷனுக்கு அங்கே யார்டில் வேலை. ஐம்பது வயதிலும் திடகாத்திரம். அதோடு அவள் கையில் ஒரு நரம்பு இருந்தது, பார்த்தால் ஊசிக்கே ஆசை வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நீலாவதியின் ரத்தம்தான் அந்த ஆராய்ச்சிக்கு. ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு 'டோனார்-திதி', ரத்தம் கொடுக்கும் அக்கா, என்று பெயர். நாற்காலி போட்டு, ஒரு வேகவைத்த முட்டையும் இரண்டு சந்தேஷ் இனிப்பும் கொடுப்பார்கள். குவார்ட்டர்ஸ் பெண்களிடம் நீலாவதி சொல்லுவாள்: "வங்காளம் பூரா தேடிட்டு கடைசியில என் ரத்தத்துக்குத்தான் வந்து நின்னாங்க. ஒரு குறை இல்லயாம். டாக்டரே சொன்னார்." டாக்டர் சொன்னது, "இந்த அம்மாள் நேரத்துக்கு வருகிறார்" என்பது மட்டும்தான்.

அவள் ரத்தத்தை மூன்று குடுவையாகப் பிரிப்பாள் நாகரத்தினம். முதல் குடுவையில் வைரஸே கிடையாது, வெற்றுக் குடுவை. இரண்டாவதில், அல்ட்ரா வயலட் விளக்கின் கீழ் வைத்து முடமாக்கிய வைரஸ். சட்டை அப்படியே இருக்கும், உள்ளே சீட்டு கிழிந்திருக்கும், அதனால் சமைக்க முடியாது. மூன்றாவதில் உயிருள்ள வைரஸ். ஜுரம் வந்தால் உதட்டோரம் கொப்புளம் போடுமே, அந்த ரகம். ஐந்து தடவை செய்தாயிற்று. ஐந்து தடவையும் நூறு செல்லுக்கு முதலாவதில் இரண்டு உடைசல், இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் முப்பது. சட்டையால் ஒன்றும் ஆவதில்லை, உள்ளே போய்ச் சமைப்பதால்தான் கேடு என்று டாக்டர் லாஹிரி ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். ஆறாவது தடவையும் அப்படியே வந்தால் பம்பாய் மாநாட்டில் படிக்கலாம்.

எண்பத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதத்தில் ஆறாவது தடவை வந்தது. வெற்றுக் குடுவையில் பதினாலு உடைசல். இரண்டாவதில் பதினைந்து. மூன்றாவதில் முப்பத்தெட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் லாஹிரி அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கத்த மாட்டார். கத்துகிற மனிதரோடு சண்டையாவது போடலாம். இவர் கோபம் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பார். மேஜையில் இரண்டு கோப்பை டீ இருந்தது.

"ஷோனோ, ரத்னா," கேளம்மா என்று வங்காளியில் ஆரம்பித்தார். "வெற்றுக் குடுவை என்றால் வெற்றுக் குடுவை. அதில் பதினாலு எப்படி வரும்?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார்."

"எண்ணியது சரிதான். நானும் பார்த்தேன். எண்ணுவதற்கு முன்னால்? மனுஷர்தானே. உயிருள்ள வைரஸைத் தொட்ட பிப்பெட் தெரியாமல் வெற்றுக் குடுவையைத் தொட்டிருக்கும்."

பிப்பெட் என்பது வாயால் உறிஞ்சி அளவு பார்த்து விடும் கண்ணாடிக் குழாய். நாகரத்தினம் ஒவ்வொரு குடுவைக்கும் தனிப் பிப்பெட் வைத்திருந்தாள். வெற்றுக்கு வெள்ளை நூல், முடத்துக்குப் பச்சை, உயிருள்ளதற்குச் சிவப்பு. நூல் கட்டாத பிப்பெட்டை அவள் மேஜைக்குப் பக்கத்திலேயே விடுவதில்லை.

"நான் நூல் கட்டி..."

"தெரியும், தெரியும். ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிடு. 'பிப்பெட் மாறியிருக்கலாம்.' அவ்வளவுதான். இந்த ஒரு தடவையைக் கழித்துவிட்டு மறுபடி செய்யலாம். திங்கட்கிழமை கொடு, போதும். உன் நீட்டிப்புக் கோப்பும் திங்கட்கிழமைதான் பார்க்கப் போகிறேன்."

பயமுறுத்துவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அவர் மேஜையில் எல்லாக் காரியமும் திங்கட்கிழமைதான். ஆனாலும் நாகரத்தினம் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. எச்சில். ஆங்கிலத்தில் அதற்கு 'கண்டாமினேஷன்' என்று என்ன பேர் வைத்தாலும் சரி, எச்சில் எச்சில்தான். மோர்க் கரண்டியைக் குழம்பில் போட்டுவிட்டாள் என்று ஒருத்தியைப் பார்த்துச் சொல்கிற பேச்சு. அவள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்ததற்காக மாணிக்கம் எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்! இப்போது அவளே, தன் கையாலேயே, நான் எச்சில் பண்ணினேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு வரி. அது கோப்பில் ஏறினால், அதற்கு முன்னால் எண்ணிய பதினோரு வருஷத்தையும் அடுத்தவன் புருவத்தைத் தூக்கிக்கொண்டுதான் பார்ப்பான்.

சனிக்கிழமை போய் எல்லா ஸ்லைடையும் மறுபடி பார்த்தாள். கரண்டு இல்லை. மைக்ரோஸ்கோப்பை ஜன்னலோரம் நகர்த்தி, கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி எண்ணினாள். பிஞ்சு முருங்கைக்காயை வெடுக்கென்று ஒடித்தால் நார் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் தொங்குமே, அப்படித் தொங்கிக்கொண்டிருந்தன. பதினாலேதான். நேர்மையானவர்களுக்கு இது ஒரு கஷ்டம், தங்களுக்கு வேண்டியபடி எண்ணத் தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போது மாணிக்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாதி கேட்டார், மீதிக்கு அப்பளத்தை நொறுக்கினார்.

"எழுதிக் கொடுத்துட்டுப் போயேன். எங்க ஆபீஸ்ல வாரத்துக்கு ரெண்டு எழுதிக் கொடுக்கறேன் நான். 'தவறுக்கு வருந்துகிறேன்.' வருத்தமா படறேன்?"

"நீங்க ஃபைல்ல பண்ற தப்பும் இதுவும் ஒண்ணா?"

"சரி, சரி. கோவிச்சுக்காதே. ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து." பிறகு பேச்சை மாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், "நேத்து ஆபீஸ் விட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போனேன் பாரு, அங்கயும் ரசம்தான். நெய்யில கடுகு, சீரகம், மிளகாய் போட்டு நல்லா தாளிச்சு... பாவம், இப்பத்தான் ஆசைதீரத் தாளிக்கிறாங்க" என்றார்.

நாகரத்தினத்தின் கரண்டி ரசப் பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவே நின்றது.

"எப்பத்திலேந்து தாளிக்காம இருந்தாங்க?"

மாணிக்கம் தட்டைப் பார்த்தார். ஒரு வீட்டில் தாளிப்பு நின்றது என்றால் திருச்சிக்காரிக்கு விளக்கம் தேவையில்லை. எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, வாசலில் வேப்பிலை. அம்மை போட்ட வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள்.

"அம்மையா? யாருக்கு? அண்ணிக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"என்னங்க!"

"தை கடைசியில. அக்காவுக்குத்தான். யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னா. அம்மா வந்திருக்கறப்ப ஊர் பூரா தமுக்கடிக்கிறதா? மூணு தண்ணியும் ஊத்தியாச்சு. முகத்துலகூட ஒண்ணும் இல்ல, ரெண்டே ரெண்டு."

"என்கிட்டக்கூடவா?"

"நீ ஊசியோட போவேன்னு நினைச்சிருப்பா."

நாகரத்தினம் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிப் பத்து நாளில் அண்ணி வந்து, முகம் நிறைய பவுடரைப் பூசிக்கொண்டு, கையை நீட்டி, முட்டையும் சந்தேஷும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். காதோரம் இருந்த இரண்டு கருந்தழும்பைப் பார்த்து, "என்ன அண்ணி இது?" என்று கேட்டபோது, "சாந்த்ராகாச்சிக் கொசு, காக்கா அளவு இருக்கும்" என்றாள். வெற்றுக் குடுவை வெற்றுக் குடுவையாகவே இல்லை. வைரஸ் முன்னாலேயே உள்ளே போய், அடுப்பை மூட்டி, தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அம்மை வைரஸ்.

மாணிக்கம் மோர் சாதத்துக்குத் தட்டை நகர்த்தினார். பரிமாறுவதற்கு ஆளில்லை. நாகரத்தினம் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஹவுராவுக்கு பஸ், அங்கிருந்து லோக்கல் ரயில். சாந்த்ராகாச்சியில் இறங்கி யார்டை ஒட்டியே நடந்தாள். குவார்ட்டர்ஸ் வாசலில், நிலைக்கு மேலே, காய்ந்து சருகான வேப்பங்கொத்து இன்னும் செருகியிருந்தது. நீலாவதி கட்டிலில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வா ரத்தினம், சொல்லாமக் கொள்ளாம. என்ன, மறுபடியும் ரத்தமா? ரெண்டு மாசம் ஆகலையே?"

"அண்ணி, போன தடவை வந்தப்ப நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?"

"நோய்நொடி ஏதாச்சும் உண்டான்னு கேட்டே. இல்லைன்னேன்."

"அம்மை போட்டிருந்ததை ஏன் அண்ணி சொல்லலை?"

நீலாவதி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "மாணிக்கம் சொன்னானா? அவன் வாயில வெத்தலையைத்தான் அடைக்கணும். நீ நோய் உண்டான்னு கேட்டே. நோய் இல்லைன்னேன். இருந்தாத்தானே சொல்றதுக்கு?"

"உடம்பு பூரா முத்து போட்டிருக்கு..."

"முத்துன்னு நீயே சொல்றே பாரு. முத்து நோயா? உன் புருஷன் மாணிக்கம், நீ ரத்தினம், எனக்கு மட்டும் முத்து வந்தா வியாதியாக்கும்! சமயபுரத்தா வந்தா. பதினோரு நாள் இருந்தா. தண்ணி வாங்கிக்கிட்டு எறங்கிப் போனா. வீட்டுக்கு வந்த விருந்தாளியை யாராச்சும் வியாதின்னு எழுதி வைப்பாங்களா?"

விருந்தாளி. நாகரத்தினமும்தானே வைரஸைப் பற்றி மாணிக்கத்திடம் அப்படிச் சொன்னாள், வந்து நம் அடுப்பில் சமைத்துக்கொள்ளும் என்று? ரத்தம் கொடுப்பவர் படிவத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் கேள்வியை வருஷக்கணக்காக அவள்தான் தமிழில் கேட்டுவந்தாள். நோய்நொடி உண்டா? இல்லை. அவள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வாள், 'நில்', ஒன்றுமில்லை என்று. சமயபுரத்துக்குப் பத்து மைலில் பிறந்தவள். அங்கே எந்தப் பெண்ணிடம் போய் நோயா என்று கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாளாக, "என் கையில் தப்பில்லை" என்று வீறாப்பாக இருந்தாள். கையில் இல்லைதான். வாயில் இருந்தது.

"சரி அண்ணி, கேட்டது என் தப்பு. இப்ப எனக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும். இன்ன தேதியிலேந்து இன்ன தேதி வரைக்கும் எனக்கு அம்மை நோய் இருந்ததுன்னு."

"அந்தக் கடைசி வார்த்தையை என் வாயால சொல்ல மாட்டேன். கையாலயும் எழுத மாட்டேன். அவ கோவிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா? உன் டாக்டரா வந்து வேப்பிலை வீசுவார்?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏன், என் ரத்தத்துல ஏதாச்சும் கோளாறா?"

"கொஞ்சம் உடைசல் இருக்கு. பயப்படாதீங்க, புதுச் செல் வர வர சரியாயிடும்."

"உடைசலா? என் ரத்தத்துலயா?" நீலாவதிக்கு முகம் தொங்கிவிட்டது. குவார்ட்டர்ஸ் முழுக்கப் பறைசாற்றிய ரத்தம். "மிஷின் தப்பா இருக்கும். நீ சரியாப் பார்த்தியா?"

"அதையேதான் டாக்டரும் கேக்கறார். நான் எச்சில் பிப்பெட்டால தொட்டுட்டேன்னு சொல்றார். நாளைக்கு அப்படி எழுதிக் கொடுக்கணுமாம். அதுக்கப்புறம் என் வேலை இருக்குமோ, இல்லையோ."

"யாரு எச்சில் பண்ணினா?"

"நான்தானாம்."

நீலாவதி எழுந்தே நின்றுவிட்டாள். "நீயா? எங்க வீட்டுல விருந்து சாப்பிட்டுட்டு, நான் கழுவி வச்ச தட்டை மறுபடியும் கழுவிட்டுப் போறவ நீ! இருபது வருஷமா அதுக்காகவே உன்னை எனக்குக் கண்டா ஆகாது. நீ எச்சில் பண்ணுவியா? எந்தக் கட்டேல போறவன் சொன்னான்? எடு அந்தப் பேனாவை!"

நாகரத்தினம் நாத்தனாரிடமிருந்து இருபது வருஷத்தில் வாங்கிய நற்சான்று அது ஒன்றுதான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒரு முள் இருந்தது என்பது வேறு விஷயம்.

நீலாவதி தானே எழுதினாள், கோடு போட்ட நோட்டுத் தாளில், பெரிய பெரிய எழுத்தாக. 'தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை சமயபுரத்தாள் எங்கள் இல்லத்துக்கு எழுந்தருளி, என் மேனியில் முத்திறக்கி, பதினோரு நாள் தங்கி, மூன்று தண்ணீர் வாங்கிக்கொண்டு மாசி எட்டாம் தேதி சுகமாக இறங்கினாள். அதற்குப் பத்தாம் நாள் ரத்தம் கொடுத்தேன். என் தம்பி சம்சாரம் ஆசாரம் தப்பி ஒரு பாத்திரத்தையும் தொடமாட்டாள் என்பதை நான் அனுபவப்பட்டு அறிவேன்.' கையெழுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு துளி மஞ்சளும் தடவினாள்.

"நோய்ங்கிற வார்த்தை எங்கயாச்சும் இருக்கா, பார்த்துக்கோ."

"இல்லை அண்ணி."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போ. காப்பி குடிச்சுட்டுப் போ. டம்ளரை நீயே கழுவிக்கோ."

திங்கட்கிழமை டாக்டர் லாஹிரியின் மேஜையில் அன்றைக்கும் இரண்டு கோப்பை டீ இருந்தது. நாகரத்தினம் குறிப்பைக் கொண்டுவந்திருப்பாள் என்று எண்ணிக் கையை நீட்டினார். கோடு போட்ட தாள் வந்தது. தமிழ் எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

நாகரத்தினம் வங்காளியில் வரிக்கு வரி சொன்னாள். பாத்திரம் பற்றிய வரியையும் விடாமல் சொன்னாள்.

"ஜொல்பொஷொந்தோ! சின்னம்மை! அதை நேராக எழுதக் கூடாதா?"

"அவங்க எழுத மாட்டாங்க சார். மாயேர் தொயா."

அன்னையின் தயவு. வங்காளத்திலும் அதற்கு அதுதான் பெயர். லாஹிரி கண்ணாடியைக் கழற்றினார். லண்டனில் மூன்று வருஷம் படித்தவர். அந்த முகத்தில் கிருஷ்ணநகரில் வளர்ந்த எட்டு வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"எனக்கு வந்தபோது 'ஓஷுக்' என்று சொல்லிவிட்டேன், உடம்பு சரியில்லை என்று. மா என் தலையில் குட்டினாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள்." கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "லண்டனில் மருத்துவப் படிவத்தில் சின்ன வயசு நோய்களைக் கேட்டார்கள். நானும் இல்லை என்றுதான் எழுதினேன்."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியதுபோல டீயைக் குடித்தார். அடுத்த நிமிஷம் கோப்பையைத் தள்ளிவிட்டுத் தாள் தேடினார். அவருக்குள் இருந்த டாக்டர் விழித்துக்கொண்டார், ராஜ்மாச் சாறு பட்டதைப் போல.

"அப்படியானால் இது கெட்டுப்போன பரிசோதனையே இல்லை! வேறு ஒரு வைரஸ், குடுவையில் இல்லாமல் மனுஷ உடம்புக்குள்ளேயே செய்த வேலை. அந்த அம்மாளை மறுபடி கூட்டிவா. பதினைந்து நாளைக்கு ஒரு தரம். உடைசல் குறைகிறதா, எத்தனை நாளில் இரண்டுக்கு இறங்குகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். ஒருத்தர் ரத்தத்தை வைத்துக்கொண்டு எதுவும் சொல்லிவிட முடியாது, அதுவும் சரிதான். இன்னும் நாலு பேர் வேண்டும், அம்மை வந்து போனவர்கள். பம்பாய்க் கட்டுரையில் இந்தத் தடவையைத் தனியாகப் போடலாம்."

"கேட்டது என் தப்புதான் சார். நோய்னு கேட்டேன். அம்மை வந்ததான்னு தனியாக் கேட்டிருக்கணும்."

"அது படிவத்தின் தப்பு. நாளைக்கே படிவத்தை மாற்று. வங்காளியில் ஒன்று, தமிழில் ஒன்று, எப்படிக் கேட்டால் சொல்வார்களோ அப்படிக் கேள்." நீட்டிப்புக் கோப்பை இழுத்தார். வழக்கமான வரியை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். அடுத்த மார்ச் வரை கவலையில்லை. "சரி, போய் ஸ்லைடுகளை எடுத்து வை."

நாகரத்தினம் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்ன, ரத்னா?"

"சார், பிப்பெட் மாறியிருக்கலாம்னு என்னை எழுதித் தரச் சொன்னீங்க, வெள்ளிக்கிழமை."

"ஆமாம், இனி அது வேண்டாமே."

"அது வேண்டாம். பிப்பெட் மாறலைன்னு நீங்க ஒரு வரி எழுதித் தரீங்களா? ஃபைல்ல இருக்கட்டும்."

டாக்டர் லாஹிரி பேனாவின் மூடியைத் திருகி மூடினார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். மூக்கின் மேல் இருந்த கண்ணாடியை மேஜையில் தேடினார். பிறகு வராந்தாவிலிருந்து யாரோ கூப்பிட்டது போலத் தலையைத் திருப்பி, "ஆ, வருகிறேன், வருகிறேன்" என்றார். யாரும் கூப்பிடவில்லை. நாகரத்தினம் நகரவில்லை. அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு, அவளையும் சுற்றிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார்.